கவிதா அன்று கேட்டது சரிதான்

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ ஆபீஸ் மாற்றலில் ஓசூருக்குக் கிளம்புகிறாய். நேற்று பெட்டியில் சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டே, "ஒரு ரூம் போதும்பா, நான் ஒருத்தன்தானே" என்று சாதாரணமாகச் சொன்னாய். நானும் தலையை ஆட்டிவிட்டு மாடிக்கு வந்துவிட்டேன். வந்தவன் ஒரு மணி நேரம் கட்டிலில் உட்கார்ந்தே இருந்தேன். நீ ஏன் ஒருத்தனாகப் போகிறாய் என்பது எனக்குத் தெரியும். உனக்கு முழுசாகத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உன் கையில் கொடுத்துவிட்டு நான் மேலே போய்விடுவேன். நீ படிக்கும்போது எதிரில் உட்கார்ந்திருக்க எனக்குத் தெம்பில்லை. படித்து முடித்ததும் என்னைக் கூப்பிடத் தோன்றினால் கூப்பிடு. தோன்றாவிட்டால் அதற்கும் நான் உன்னைக் குறை சொல்ல முடியாது.

ஸ்ரீரங்கத்தில் முப்பத்தொரு வருஷம் மெடிக்கல் ஷாப் வைத்திருந்தவன் நான். ராஜகோபுரத்துக்குப் போகிற வழியில் எட்டடிக் கடை. டாக்டரைப் பார்க்கிறவர்களைவிட என்னைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம் என்று எனக்கு ஒரு பெருமை இருந்தது. "கிறுகிறுன்னு வரது, ஏதாவது குடுங்கோ" என்று வடம்போக்கித் தெருவிலிருந்து ஒரு பெரியவர் வருவார். மருங்காபுரியிலிருந்து சாமி கும்பிட வந்த குடும்பத்தில் ஒரு பிள்ளைக்கு வாந்தி என்றால் என் கடைக்கு முன்னால்தான் நிறுத்துவார்கள். நான் அட்டையிலிருந்து நாலு மாத்திரையைக் கத்தரியால் வெட்டிக் கொடுத்து, காலையில் ஒன்று இரவில் ஒன்று என்பேன். பலபேர் என்னை டாக்டர் சார் என்றே கூப்பிட்டார்கள். முதல் சில வருஷம் "நான் டாக்டர் இல்லைங்க" என்று திருத்தினேன். அப்புறம் திருத்துவதை விட்டுவிட்டேன். அங்கேதான் நான் கெட்டுப்போனேன் என்று இப்போது நினைக்கிறேன்.

உனக்குப் பத்து வயதில் டைபாய்டு வந்தது ஞாபகம் இருக்கிறதா? ஆஸ்பத்திரியில் கிடந்தது ஞாபகம் இருக்கும். அதற்கு முந்தைய ஆறு நாள் ஞாபகம் இருக்காது. அந்த ஆறு நாளும் நான்தான் உனக்கு வைத்தியம் பார்த்தேன். இன்றைக்கு ஒரு மாத்திரை, நாளைக்கு வேறு மாத்திரை என்று அலமாரியிலிருந்து மாற்றி மாற்றிக் கொடுத்தேன். ஏழாவது நாள் நீ கண்ணைத் திறக்கவில்லை. உன் அம்மா என்னைக் கேட்காமலேயே உன்னைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ ஏறிவிட்டாள். பின்னாலேயே ஓடினேன். டாக்டர் என் முகத்தைப் பார்த்து, "இந்த மாத்திரையெல்லாம் யாருங்க குடுத்தது?" என்றார். "பக்கத்துல ஒரு கடையிலங்க" என்றேன். ஆமாம் தம்பி, இல்லாத ஒரு கடைக்காரன் மேல் பழியைப் போட்டேன். உன் அம்மா பக்கத்தில்தான் நின்றிருந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். அவள் சாகிற வரைக்கும் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் அன்றைக்கு நாலு பேர் முன்னால் என்னைத் திட்டியிருக்கலாம் என்று இந்த நாலு மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சரி, என் கதைக்கு வருகிறேன். கடையை விடுவதற்கு மூன்று வருஷம் முன்பே எனக்குப் பிரஷர் வந்துவிட்டது. கடையிலேயே மிஷின் இருக்கிறது, நானே பார்த்துக்கொண்டேன். எந்த டாக்டரிடமும் போகவில்லை. வாடிக்கையாளர் உட்காருகிற வரிசையில் போய் டோக்கன் வாங்கிக்கொண்டு நானும் உட்காருவதா என்று கூச்சம். அலமாரியிலிருந்து ஒரு மாத்திரை எடுத்துக்கொண்டேன். கேட்கவில்லை. இரண்டாவது சேர்த்தேன், பிறகு மூன்றாவது. அப்போதும் மிஷின் இருநூறைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தது. மூன்று மாத்திரைக்கு அடங்காத பிரஷர் என்றால் உள்ளே வேறு ஏதோ கோளாறு இருக்கிறது, போய் டாக்டரைப் பாருங்கள் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். எனக்கு நான் சொல்லிக்கொள்ளவில்லை. கடையை விட்ட பிறகும் பழைய ஏஜென்ட் மூலமாக எனக்கு மாத்திரை வந்துகொண்டிருந்தது. இந்த வருஷம் சித்திரையில் நாலாவதாக, 'ரில்' என்று பெயர் முடிகிற மாத்திரை ஒன்றைத் தொடங்கினேன். அதைப் போட்டதும் பிரஷர் மளமளவென்று இறங்கியது. கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

அடுத்த மாதம்தான் காவேரிக் கரையில் அம்மா மண்டபத்துப் படியில் எனக்கு மூச்சு முட்டியது. நீ அலறியடித்துக்கொண்டு வந்து காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனாய். நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்றார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் கிட்னி பாதிக்குமேல் வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. "என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேட்டார்கள். பிரஷருக்கு ஒன்று என்றேன். நாலு என்று எப்படிச் சொல்வது? யார் எழுதிக் கொடுத்தார்கள் என்று அடுத்த கேள்வி வருமே. அதுவும் அந்த ஆஸ்பத்திரி மருந்துக் கடையில் நிற்கிற பையன் ஒரு காலத்தில் என் கடையில் வேலை கற்றுக்கொண்டவன். அவன் காதில் விழுந்தால் என்ன ஆவது என்பதுதான் அந்த நேரத்தில் என் கவலை. மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்த மனுஷனுக்கு அதுவா கவலை என்று நீ கேட்பாய். அதுதான்.

டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்தும் நான் அந்த மாத்திரையை நிறுத்தவில்லை. அவர்கள் எழுதிக் கொடுத்ததோடு அதையும் சேர்த்துச் சாப்பிட்டேன். ஒவ்வொரு தடவை ரத்தம் எடுக்கும்போதும், கிட்னி கெடக் கெட ஏறுகிற கிரியேட்டினின் ஏறிக்கொண்டே போனது. இந்த வகை மாத்திரை சிலருக்குக் கிட்னியைப் பாதிக்கும், தொடங்கிய பத்து நாளில் ரத்தம் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியுமா என்றால், தெரியும். நானே பலருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அப்படியானால் ஏன் நிறுத்தவில்லை? பிரஷரை அடக்கியது அது ஒன்றுதான், அதை விட்டால் மூளையில் ரத்தம் கசிந்து விழுந்துவிடுவேன் என்று பயம். அதோடு, அதுதான் காரணம் என்று ஆகிவிட்டால் என் கிட்னியை நானே கெடுத்துக்கொண்டதாக ஆகிவிடும். அந்த நினைப்பு வரும்போதெல்லாம் எழுந்து போய் வேறு ஏதாவது வேலையைப் பார்ப்பேன்.

டயாலிசிஸ் வரைக்கும் போகலாம், இப்போதே மாற்று கிட்னிக்கு யோசித்து வையுங்கள் என்று அவர்கள் சொன்ன அன்று, காரில் திரும்பும்போது, காவேரிப் பாலத்தில் வண்டி நின்றிருந்தபோது, நீ என் முகத்தைப் பார்க்காமலேயே, "நான் தர்றேன்பா. இதுல யோசிக்க என்ன இருக்கு" என்றாய். "சும்மா இரு, சின்னப் பிள்ளை வச்சிருக்கிறவன்" என்று அதட்டினேன். நீ அதை என் பாசம் என்று எடுத்துக்கொண்டாய். இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வாய் அதட்டியது. உள்ளுக்குள் அப்பாடா என்று இருந்தது. நான் பிழைத்துவிடுவேன், யாரும் எதையும் கேட்க மாட்டார்கள், பழைய கணக்கெல்லாம் பழைய கிட்னியோடு போய்விடும் என்று இருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் இதை மறைத்துவிட்டு மற்றதைச் சொன்னால் பாதிதான் சொன்னதாக ஆகும்.

நீ டெஸ்டுகளுக்கு அலைய ஆரம்பித்தாய். ரத்தப் பிரிவு பொருந்தியது. ஒவ்வொரு வாரமும் ஆபீசில் லீவு சொல்லிவிட்டு வெறும் வயிற்றோடு போய் நின்றாய். அந்த நேரத்தில்தான் கவிதா துணி துவைக்கப் போட என் சட்டைப் பையைத் துழாவியிருக்கிறாள். பாதி தீர்ந்த அட்டை ஒன்று அவள் கையில் சிக்கியது. போனில் பார்த்திருக்கிறாள். நாம் இருவரும் ஹாலில் இருந்தபோது வந்து நின்றாள். அவள் குரலில் சண்டை இல்லை என்பதை நீ இப்போதாவது நினைத்துப்பார்.

"மாமா, இந்த மாத்திரை யாருக்கு? டாக்டர் எழுதினதுல இது இல்லையே."

"அது ஒரு பழைய கஸ்டமருக்கு வாங்கி வச்சதும்மா."

"கடையை விட்டு ரெண்டு வருஷம் ஆச்சே மாமா. இது கிட்னிக்கு ஆகாதுன்னு போட்டிருக்கு. நீங்க சாப்பிடுறீங்களான்னுதான் கேக்குறேன்."

நான் பதில் சொல்வதற்குள் நீ எழுந்துவிட்டாய். "எங்கப்பா முப்பது வருஷமா மாத்திரையிலயே புழங்குறவரு. அவருக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிருச்சா? நேரா சொல்லு கவிதா, நான் கிட்னி குடுக்கக் கூடாது. அதானே? எங்கப்பா செத்தா உனக்கு என்ன" என்றாய். அவள் உன்னைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு நிமிஷம் இருக்கும். ஒரே ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் போதும். நான் டீப்பாய் மேல் கிடந்த பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டேன். காலையிலேயே படித்து முடித்த பேப்பர்.

மறுநாள் அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மணப்பாறைக்குப் போய்விட்டாள். பக்கத்து வீட்டில் கேட்டதற்கு ஆடிப்பெருக்குக்கு அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றேன். ஆடி போய் ஆவணி, புரட்டாசியும் போய்விட்டது. இப்போது யாரும் கேட்பதில்லை.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் ஒரு பக்கம்தான் தெரியும். புது கிட்னியை எந்த ரத்தக்குழாயில் இணைக்கலாம் என்று பார்க்க எனக்கு வயிற்றில் ஒரு ஸ்கேன் எடுத்தார்கள் அல்லவா? அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் அந்த லேடி டாக்டர் என்னைத் திரும்பக் கூப்பிட்டு, வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். நீ மாத்திரை வாங்கக் கீழே போயிருந்தாய். கிட்னிக்குப் போகிற இரண்டு ரத்தக்குழாயும், தொடங்குகிற இடத்திலேயே சுண்ணாம்பு படிந்து சுருங்கியிருக்கிறது என்றார். படத்தில் இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாகக் காட்டினார். "போர் தண்ணி வர்ற பைப்புக்குள்ள உப்பு கட்டிக்கும் பாருங்க, அந்த மாதிரிதான் சார். கிட்னிக்கு ரத்தம் பத்தலன்னா, உடம்புக்கே பிரஷர் இல்லன்னு அது நெனச்சுக்கும். ஏத்து ஏத்துன்னு சொல்லிக்கிட்டே இருக்கும். அதான் உங்களுக்கு எந்த மாத்திரைக்கும் அடங்கல." பிறகு ஃபைலை மூடிவிட்டுக் கேட்டார்: "ரில்னு முடியிற மாத்திரை எதாவது சாப்பிடுறீங்களா? ரெண்டு பக்கமும் அடைப்பு இருக்கிறவங்களுக்கு அது ஆகவே ஆகாது. இருக்கிற கொஞ்ச ரத்தத்தையும் வடிகட்ட விடாது. கிட்னி அப்படியே படுத்துடும்."

"இல்லைங்க" என்றேன்.

அன்றைக்கே அந்த அட்டைகளை எல்லாம் குப்பை வண்டியில் போட்டேன். பத்து நாள் கழித்து ரத்தம் பார்த்தபோது கிரியேட்டினின் நன்றாகவே இறங்கியிருந்தது. டாக்டர் ரிப்போர்ட்டை இரண்டு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு, "சந்தோஷம்தான். ஆனா ஏன் எறங்குச்சுன்னு புரியல" என்றார். நீ என் தோளைப் பிடித்து அழுத்தினாய். "பெருமாள் கண்ணத் தொறந்துட்டாருப்பா" என்றாய். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். பெருமாள் பெயரைச் சொல்லியும் ஏமாற்றியாகிவிட்டது.

அடைப்பு இருந்தது நிஜம், அதை எடுத்தே ஆகவேண்டும் என்பதும் நிஜம். அடைப்பை எடுக்கிற மேஜையில் படுக்க வைக்கும் முன் ஒரு நர்ஸ் பேப்பரோடு வந்து, "வேற மருந்து ஏதாவது எடுத்தீங்களா ஐயா?" என்று கேட்டார். அதற்கும் இல்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். மயக்க மருந்து தரவில்லை. தொடை இடுக்கில் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு, அங்கேயிருந்து நூல் மாதிரி ஒரு குழாயை உள்ளே விட்டு, கிட்னி ரத்தக்குழாய் வரைக்கும் கொண்டுபோனார்கள். படத்தில் ரத்தக்குழாய் தெரிய உள்ளே விடுகிற சாயம் கிட்னிக்குக் கெடுதல் என்று முடிந்தவரை கார்பன் டை ஆக்ஸைடு வாயுவை விட்டே படம் பார்த்தார்கள். எல்லாம் காதில் விழுந்துகொண்டே இருந்தது. முதலில் விட்ட சாதாரண பலூன் இரண்டு ஓரமும் உப்பியது, சுண்ணாம்பு இருக்கிற நடு இடத்தில் மட்டும் விரியவில்லை. "ரொம்ப கெட்டியா இருக்கு" என்று டாக்டர் யாரிடமோ சொன்னார். பிறகு வேறு ஒரு பலூன். அதற்குள்ளேயிருந்து அதிர்வு கிளம்பிச் சுண்ணாம்பை உடைக்குமாம். இடுப்புக்குப் பின்னால் மந்தமாக ஒரு வலி. டிக் டிக் என்று சத்தம் வந்தது போல் இருந்தது. உடைந்த பிறகு பலூன் முழுசாக விரிந்தது, மறுபடி சுருங்காமல் இருக்க ஸ்டென்ட் என்கிற வலைக்குழாயை வைத்தார்கள். அப்புறம் அடுத்த பக்கம். "பயப்படாதீங்க சார், நல்லா போயிட்டிருக்கு" என்று டாக்டர் இரண்டு மூன்று தடவை சொன்னார். பயத்தில் கண்ணில் தண்ணீர் வருகிறது என்று நினைத்துவிட்டார். எனக்குக் கவிதா நின்றுகொண்டிருந்ததுதான் கண்ணுக்குள் நின்றது.

இப்போது எனக்குக் கிட்னி மாற்ற வேண்டாம். பிரஷருக்கு இரண்டு மாத்திரை போதும் என்கிறார்கள். நீ எல்லாருக்கும் போன் போட்டு அடைப்பை உடைத்ததும் அப்பா சரியாகிவிட்டார் என்று சொல்கிறாய். போன வாரம் உன் சிநேகிதனிடம், "அவ பேச்சைக் கேட்டிருந்தா எங்கப்பாவை சந்தேகப்பட்ட பாவம்தான் மிஞ்சியிருக்கும்" என்று நீ சொன்னது மாடிப்படியில் நின்ற என் காதில் விழுந்தது. அதற்கு மேலும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போகிறேன் என்று உன்னிடம் சொன்னேன் இல்லையா? பஞ்சப்பூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் மணப்பாறை பஸ் ஏறினேன். கவிதாவின் அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். "வாங்க சம்மந்தி" என்றார், முகம் கொடுக்கவில்லை. ஆனாலும் நாற்காலி எடுத்துப் போட்டார். குழந்தை ஸ்கூலுக்குப் போயிருந்தது. பார்க்க முடியவில்லை, அதைக் கேட்கிற யோக்கியதையும் எனக்கு இல்லை. கவிதா வந்து நின்றதும் உட்காராமலேயே எல்லாவற்றையும் சொன்னேன். அவளுடைய அப்பா பாதியில் எழுந்து வெளியே போய்விட்டார். என்னை அடிக்காமல் இருக்கத்தான் போனார் என்று நினைக்கிறேன். கவிதா முதலில் கேட்டது என்ன தெரியுமா?

"இப்ப எந்தெந்த மாத்திரை சாப்பிடுறீங்க மாமா?"

டாக்டர் எழுதிய சீட்டை நீட்டினேன். வரிவரியாகப் பார்த்தாள். "இது மட்டும்தானா?" என்றாள். இது மட்டும்தான் என்றேன். நம்பினாளா என்று தெரியவில்லை. பிறகு சொன்னாள்: "எனக்கு அன்னிக்கே தெரியும் மாமா. நீங்க பேப்பரை எடுத்தீங்க பாருங்க, அப்பவே தெரிஞ்சுபோச்சு." அவனிடம் நீயே பேசுகிறாயா அம்மா என்று கேட்டுவிட்டேன். அந்த இடத்திலும் என் வேலையை அவள் தலையில் தள்ளப் பார்த்திருக்கிறேன் பார். "நான் ஒரு தடவ சொல்லியாச்சு மாமா. இனிமே நான் சொல்ல மாட்டேன்" என்றாள். காபி கொடுத்துத்தான் அனுப்பினாள்.

நேற்றுக் காலையில் டாக்டரிடமும் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் ஃபைலில் சிவப்பு மையால் அந்த மாத்திரையின் பெயரை எழுதி அடிக்கோடு போட்டார். "எனக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு" என்றார். பிறகு, "அப்பவே சொல்லியிருந்தா உங்க பையன் இத்தனை டெஸ்ட்டுக்கு அலைஞ்சிருக்க வேண்டியதில்ல சார்" என்றார். அதட்டவில்லை. அதட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

உனக்குப் புத்தி சொல்கிற தகுதி எனக்குப் போய்விட்டது. ஆனாலும் உன் உடம்பில் ஓடுவது என் ரத்தம், அதனால் ஒன்று மட்டும் சொல்கிறேன். முப்பத்தாறு வயதாகிறது, ஓசூரில் போய் இறங்கியதும் ஒரு டாக்டரிடம் பிரஷர் பார். என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டால் கேட்டதற்கெல்லாம் பதில் சொல். வெட்கமாக இருக்கிற பதிலை முதலில் சொல். சிகரெட்டை விட்டுவிட்டதாக என்னிடம் சொன்னாய். விட்டிருந்தால் சரி.

இன்னொன்று, சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. பொய் சொன்னது நான். ஆனால் "எங்கப்பா செத்தா உனக்கு என்ன" என்று அவளைக் கேட்டது நீ. என் பொய்யை நம்பித்தான் கேட்டாய் என்பது உண்மை. அதற்காக அப்பாதான் காரணம் என்று அவள் முன்னால் போய் நின்று என்னைக் காட்டிவிட்டு நீ தப்பித்துக்கொள்ளாதே. என் பங்குக்கு நான் போய் நின்றுவிட்டு வந்துவிட்டேன். உன் பங்கு அங்கே அப்படியே இருக்கிறது. உன்மேல் உயிரை வைத்திருந்தவள் பயந்துபோய் ஒரு கேள்வி கேட்டாள். நாம் இரண்டு ஆம்பிளைகளும் சேர்ந்து அவளைக் கெட்டவளாக்கினோம்.

அவள் உனக்காகக் காத்திருக்கிறாள், போய்க் கூப்பிட்டால் வந்துவிடுவாள் என்று இந்த இடத்தில் எழுதத்தான் கை போகிறது. எழுதினால் நீ சட்டென்று கிளம்பிவிடுவாய், எனக்கும் நிம்மதியாகிவிடும். ஆனால் அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை தம்பி. உன்னைப்பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

அப்பா